மூன்று குடும்பம், ஒரு ஆர்.வி., கிராண்ட் கேன்யன்: கொலராடோ ஆறு வரைக்கும் இறங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: மூன்று நண்பர் குடும்பங்கள். பெரியவர்கள் 6 பேர், பிள்ளைகள் 3 பேர் (12, 9, 6 வயது), ஊரிலிருந்து வந்திருக்கும் 68 வயது அப்பா. மே மாதக் கடைசியில் லாஸ் வேகாஸில் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு ஓடும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் 3 இரவு தங்கப் போகிறார்கள். எந்த வண்டி, எங்கே தங்குவது, எந்தப் பாதையில் நடப்பது? நண்பர்கள் இருவர் ஆசைப்படுவதுபோல் ஒரே நாளில் கொலராடோ ஆறு வரை இறங்கித் திரும்ப முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மற்ற எதில் தப்பு செய்தாலும் பணமோ தூக்கமோதான் போகும்.

மலை ஏறிப் பழகியவர்களைத்தான் இந்தப் பள்ளத்தாக்கு அதிகம் ஏமாற்றுகிறது. பர்வதமலை ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடலாம், இறக்கம் பார்த்துக்கொள்ளும். இங்கே எல்லாம் தலைகீழ். காலையில் புதிதாக இருக்கும் கால்களோடு, குளிர்ந்த காற்றில், பேசிச் சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள். கால் துவண்டு, தண்ணீர் தீர்ந்து, வெயில் உச்சிக்கு வரும்போதுதான் ஏற்றம் தொடங்கும். தென்விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, ஆறு சுமார் 2,400 அடியில். சவுத் கைபாப் பாதையில் ஆற்றங்கரை முகாம் வரை 7 மைல், அதற்குள் 4,780 அடி இறக்கம். பிரைட் ஏஞ்சல் பாதையில் அதே முகாமுக்கு 9.5 மைல். மேலே மே மாதப் பகலில் 70 டிகிரி பாரன்ஹீட் என்றால், ஆற்றங்கரையில் 90ஐத் தாண்டியிருக்கும். ஜூனில் அங்கே 110 என்பது சாதாரணம். ‘இறங்குவது உங்கள் இஷ்டம், ஏறுவது கட்டாயம்’ என்று பூங்காக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான். ஒரே நாளில் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் அதற்கென்றே உடம்பைத் தயார் செய்தவர்கள் அவர்கள். உங்கள் நண்பர்கள் இருவருக்கும் அந்த ஆசை உண்மையிலேயே இருந்தால், இன்னொரு வருடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, கீழே ஒரு இரவு தங்கித் திரும்பட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் முறை நாங்கள் ஐந்து பேர் போனது ஜூனில். இரவு ஆர்.வி.க்குள் உட்கார்ந்து வரைபடத்தில் விரலை வைத்து ஓர் இடத்தைத் தீர்மானித்தோம்: பிரைட் ஏஞ்சலில் 4.5 மைல் இறங்கினால் வரும் மரத்தோப்பு. இப்போது அதற்கு ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று பெயர். அங்கே வாழ்ந்து விரட்டப்பட்ட ஹவாசுபாய் பழங்குடி மக்களின் பெயரை 2022இல்தான் வைத்தார்கள். விளிம்பிலிருந்து 3,000 அடி கீழே. கிளம்பவே எட்டரை ஆகிவிட்டது, ஏனென்றால் ஐந்து பேரும் ஒரே கழிப்பறைக்கு வரிசையில் நின்றோம். தோப்பை அடைந்தபோது சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பும் வழியில், இன்னும் 3 மைல் மிச்சமிருக்க, எங்களில் நல்ல உடற்கட்டோடு இருந்தவன்தான் உட்கார்ந்துவிட்டான். தலைவலி, குமட்டல், பிறகு வாந்தி. ‘தண்ணி குடிடா, தண்ணி குடிடா’ என்று நாங்கள் நால்வரும் பாட்டிலை நீட்டிக்கொண்டே இருந்தோம். வழியில் வந்த பூங்காத் தன்னார்வலர் ஒருவர்தான் கேட்டார், ‘காலையிலிருந்து என்ன சாப்பிட்டான்?’ ஒரு வாழைப்பழம். தண்ணீர் மட்டும் 4 லிட்டருக்கு மேல். அவர் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உப்பு பிஸ்கட்டைக் கொடுத்து, ஒரு மணி நேரம் நிழலில் உட்காரவைத்தார். அந்த 3 மைலை ஏற எங்களுக்கு 5 மணி நேரம் ஆனது.

அவனுக்குத் தண்ணீர் குறையவில்லை, உப்புதான் குறைந்தது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு உப்பு போகிறது என்று தெரியாது. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். பார்க்க வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் தண்ணீரே இதற்கு விஷம். பேச்சு குழறினாலோ ஆள் குழம்பினாலோ உடனே உதவி கூப்பிட வேண்டிய நிலை அது. இந்த விஷயத்தில் நம் சமையலறை பெரிய வரம். புளியோதரை, நார்த்தங்காய் ஊறுகாய், உப்புக்கடலை, மோர் மிளகாய். ஆளுக்கு ஒரு டப்பா கட்டிக்கொடுங்கள். எனர்ஜி பார் என்று விற்கும் இனிப்புக் கட்டியை நடுவழியில் விழுங்கமுடியாமல் துப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். புளியோதரையை யாரும் வேண்டாம் என்றதில்லை.

அன்றைக்கு நான் கற்றது ஒன்றுதான்: போகும் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள், திரும்பும் நேரத்தைத் தீர்மானியுங்கள். இறங்க ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறுக்குக் கிளம்பினால், ஏழேகாலுக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பவேண்டும், அடுத்த வளைவில் என்ன இருந்தாலும் சரி. அப்படியானால் பத்து மணிக்கு முன்பே விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பாதையில் நடக்கவேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை. நண்பர் கூட்டத்தில் இந்த நேரக்கணக்கு இல்லாவிட்டால், ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே’ என்று யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் போவார்கள். முடியாதவர் முடியவில்லை என்று சொல்லவே மாட்டார். கடிகாரத்தோடு யாரும் சண்டை போடமுடியாது.

இனி வண்டி. பத்துப் பேருக்கு ஒரே ஆர்.வி. போதாது. 25 அடி கிளாஸ் சி (ஓட்டுநர் அறைக்கு மேலேயும் படுக்கை இருக்கும் நடுத்தர ஆர்.வி.) வண்டியில் ஏழு பேர் தூங்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். பகலில் எண்ணவேண்டியது படுக்கையை அல்ல, சீட் பெல்ட்டை. குழந்தை இருக்கை கட்டுவதற்கு முன்னோக்கிய இருக்கை வேண்டும். பக்கவாட்டு சோபாவில் கட்டக்கூடாது. உங்களுக்கு நான் சொல்வது: ஒரு 25 அடி கிளாஸ் சி, கூடவே ஒரு சாதாரண கார் அல்லது மினிவேன், இரண்டு கூடாரம். அப்பாவும் சின்னப் பிள்ளைகளும் ஆர்.வி.யில். இளவட்டம் கூடாரத்தில். மே கடைசியிலும் இரவு 40 டிகிரி பாரன்ஹீட் பக்கம் இறங்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்காதீர்கள்.

30 அடிக்கு மேல் வண்டி எடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பூங்காவுக்குள் விடுதிகளும் கடைகளும் இருக்கும் கிராமத்துக்கு நடுவில், பைன் மரங்களுக்கு அடியில் இருக்கும் மேதர் முகாமில் 30 அடிதான் உச்சவரம்பு. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எதுவும் தளத்தில் கிடையாது. வண்டியின் கழிவுநீர் டேங்கைக் காலி செய்ய மட்டும் ஓர் இடம் இருக்கிறது. ஒரு தளத்துக்கு 6 பேர், 2 வண்டி. ஆக உங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தளம் வேண்டும். ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், நல்ல தேதிகள் சட்டென்று போய்விடும். அதன் அருகிலேயே டிரெய்லர் வில்லேஜ். அங்கே 50 அடி வண்டிகூட நுழையலாம், எல்லா இணைப்பும் உண்டு, ஆனால் வாகன நிறுத்துமிடத்தில் படுத்தது மாதிரி இருக்கும், வாடகையும் கூட. கிழக்கே 25 மைலில் டெசர்ட் வியூ முகாம்; அமைதியான இடம், ஆனால் நடைபாதைகளிலிருந்து தள்ளி. அப்பா இருப்பதால், இரவில் ஹீட்டர் கவலையில்லாமல் ஓட டிரெய்லர் வில்லேஜில் ஆர்.வி.யும், மற்றவர்கள் மேதரில் கூடாரமும் என்று பிரிந்துகொள்ளலாம். நான் இருந்தால் எல்லோரும் மேதரில்தான். சாயங்காலம் எல்க் மான் கூட்டம் கூடாரத்துக்குப் பத்தடி தள்ளி மேய்வதை அந்தப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். (கிட்டே போகவிடாதீர்கள், மாடு மாதிரி சாதுவாகத் தெரியும், முட்டினால் ஆள் மிஞ்சமாட்டான். அதைவிட அடிக்கடி ஆளைக் கடிப்பது பாதையோர அணில்கள்.)

வேகாஸிலிருந்து சுமார் 280 மைல். காரில் நாலரை மணி நேரம், ஆர்.வி.யில் ஆறு என்று வையுங்கள். கிங்மேன் வழியாக 40ஆம் நெடுஞ்சாலை, வில்லியம்ஸில் திரும்பி 64. வில்லியம்ஸிலோ பூங்கா வாசலில் இருக்கும் டுசயானிலோ பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், தென்விளிம்பு கிராமத்துக்குள் பங்க் கிடையாது. காலனுக்கு 8 முதல் 10 மைல்தான் ஓடும் என்பதால் போகவர மட்டும் 60 காலன் தேவைப்படும். மேட்டுச் சமவெளியில் குறுக்குக்காற்று வண்டியைத் தள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணிக்கு 60 மைலுக்குக் கீழே போனால் பயமில்லை. கோடையில் அரிசோனா கடிகாரமும் வேகாஸ் கடிகாரமும் ஒன்றே. கிழக்கே நவஹோ பழங்குடியினரின் நிலத்துக்குள் போனால் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

நுழைவுக் கட்டணம் வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அப்பா விசிட்டர் விசாவில் இருப்பார் என்றால் இதைக் கவனியுங்கள்: 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிறைந்த எல்லோருக்கும் இந்தப் பூங்கா உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல். ஸயனும் பிரைஸ் கேன்யனும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றையும் இதே பயணத்தில் சேர்ப்பதாக இருந்தால், வெளிநாட்டவருக்கான 250 டாலர் ஆண்டு அட்டை லாபம்.

உள்ளே வந்து ஆர்.வி.யை நிறுத்திய பிறகு கிளம்பும் நாள் வரை அதைத் தொடாதீர்கள். நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்த வண்டியில் போகவே முடியாது. மேற்கே போகும் ஹெர்மிட் சாலையும் மார்ச் முதல் நவம்பர் வரை பேருந்துக்கு மட்டும்தான். நடப்பவர்களுக்கென்றே அதிகாலையில் பிரைட் ஏஞ்சல் லாட்ஜிலிருந்து சவுத் கைபாப்புக்கு நேர்ப் பேருந்து உண்டு. அதைத் தவறவிட்டால் அன்றைய காலைக் குளிர்ச்சியே போச்சு.

நடைக்கு முதல் நாள் எதுவும் வைக்காதீர்கள். 7,000 அடிக்கு உடம்பு பழகட்டும். அன்று சாயங்காலம் எல்லோருமாக, அப்பா உட்பட, விளிம்பின் மேலேயே இருக்கும் ‘காலத்தின் பாதை’யில் நடங்கள். யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்தில் தொடங்கி கிராமத்தை நோக்கி வரும் சமதளத் தார்ப்பாதை. ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து லட்சம் ஆண்டு என்று குறித்து, அந்தந்தக் காலத்துப் பாறையை ஓரமாக வைத்திருக்கிறார்கள். விளிம்பின் மேல்தட்டுச் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி வயது, ஆற்றங்கரையில் கறுத்துக்கிடக்கும் அடிப்பாறைக்கு 170 கோடிக்கு மேல். அந்த அடிப்பாறைக்குப் பெயர் விஷ்ணு. கதை விடவில்லை. கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் 1880களில் இங்கே எழும்பி நிற்கும் பாறைக்குன்றுகள் கோபுரங்கள்போல் இருக்கின்றன என்று விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைக்கத் தொடங்கினார். பிறகு வந்தவர்கள் பிரம்மா, புத்தர், ராமர், கிருஷ்ணர் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். ஹெர்மிட் சாலையில் ஹோப்பி பாயிண்டில் நின்றால் சிவன் கோயில் எதிரே தெரியும். நான் அழைத்துப்போன ஒரு மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கைப்பிடிச் சுவர் அருகே வந்தார். இதே இடங்களுக்குப் பல பழங்குடிகள் வைத்த பெயர்கள் அதற்கு எத்தனையோ காலம் முந்தியவை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் பெரியவர்களும் 12 வயதுப் பையனும் சவுத் கைபாப். 0.9 மைலில் ‘ஊ ஆ பாயிண்ட்’ என்றொரு திருப்பம். பெயர் வைத்தவரைக் குறை சொல்லமுடியாது, எல்லோர் வாயிலும் அதுதான் வருகிறது. 1.5 மைலில் சீடர் ரிட்ஜ், 1,120 அடி இறக்கம், கழிப்பறை உண்டு. அங்கேயே நிறுத்துங்கள். இந்தப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது, நிழலும் இல்லை, ஆனால் முகட்டின் மேலேயே போவதால் இரு பக்கமும் பள்ளத்தாக்கு விரியும். பிரைட் ஏஞ்சலில் இந்தக் காட்சி இல்லை. மூன்றாம் நாள் பிரைட் ஏஞ்சலில் 1.5 மைல் ஓய்விடம் வரை, நடக்க விரும்பும் 9 வயதுப் பிள்ளையையும் சேர்த்து. அங்கே கோடையில் குழாய்த் தண்ணீர் வரும். ஆனால் தண்ணீர் கொண்டுவரும் நீளக் குழாய் 1960களில் போட்டது, அடிக்கடி உடையும். அன்றைய காலை நிலவரத்தைப் பார்க்காமல் பாட்டிலைக் குறைத்துக்கொண்டு இறங்காதீர்கள். எதிரே கோவேறு கழுதைகள் வந்தால் பள்ளத்தின் பக்கம் நிற்காமல் மலைச்சுவரை ஒட்டி நில்லுங்கள், ஓட்டுபவர் சொல்வதைக் கேளுங்கள். 6 வயதுக் குழந்தையை இரண்டு நாளும் மேலேயே வையுங்கள். யாராவது ஒருவர் முறைபோட்டு அப்பாவோடும் குழந்தையோடும் இருக்கவேண்டும். அதைப் பயணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அந்த ஒருவர் யாரோ ஒருவரின் மனைவியாகத்தான் இருப்பார்.

சமையல். 7,000 அடியில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு மணிக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும், சாதம் நடுவில் அரிசியாக நிற்கும். அதனால் குக்கர் கட்டாயம். இரண்டு விசில் கூட வையுங்கள். மேதரில் மின் இணைப்பு இல்லை, ஜெனரேட்டரும் குறித்த நேரத்தில்தான் ஓட்டலாம், ஆகவே இண்டக்‌ஷன் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சமையலறைத் தொட்டித் தண்ணீர் போய்ச் சேரும் டேங்க் பத்துப் பேருக்கு ஒரே நாளில் நிரம்பிவிடும். சாம்பார்த் தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். குளிக்க முகாமின் காசு போட்டுக் குளிக்கும் இடம் இருக்கிறது, துணி துவைக்கும் இயந்திரமும் அங்கேயே.

கழிப்பறை டேங்க் பற்றிக் கூச்சப்படாமல் சொல்கிறேன், என் இரண்டாவது பயணத்தில் பட்டது. கழிவுநீர் இணைப்புள்ள தளத்தில் நிறுத்தியதும், ‘தானாகப் போகட்டுமே’ என்று அந்த வால்வைத் திறந்தே விட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றதெல்லாம் குழாய்க்கு நேர்கீழே கோபுரமாகக் குவிந்து காய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அதைக் கரைக்க நானும் இன்னொருவனும் பட்டபாட்டைச் சாப்பிடும் நேரத்தில் சொல்லமுடியாது. வால்வை மூடியே வையுங்கள், டேங்க் நிறைய நிறையத் திறங்கள். காலி செய்யும்போது கழிப்பறை டேங்க் முதலில், சமையலறை டேங்க் பிறகு; சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை போடுங்கள்.

இன்னும் ஒன்று. படங்களில் பார்க்கும் நீலப்பச்சை அருவி, கண்ணாடிப் பாலம், வளைந்த சிவப்புப் பாறைப் பிளவு எல்லாம் தென்விளிம்பில் இல்லை. அருவி ஹவாசுபாய் மக்களின் நிலத்தில், தனி அனுமதி வேண்டும். கண்ணாடிப் பாலம் மேற்கே ஹுவலபாய் பழங்குடியினரின் நிலத்தில், வேகாஸிலிருந்து தனியாகப் போகவேண்டியது. பாறைப் பிளவு பேஜ் ஊரருகே. மூன்று நாளில் எல்லாவற்றையும் சேர்த்தால் ஆர்.வி.யின் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். அதற்குப் பதில் கடைசி மாலை காரில் டெசர்ட் வியூ போய், மேரி கோல்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1932இல் கட்டிய கல் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, இருட்டும் வரை அங்கேயே இருங்கள். அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் இல்லாத இரவில் பால்வெளி வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

கிளம்பும் நாள் காலை டேங்க் காலி செய்யும் இடத்தில் வரிசை நீண்டுவிடும். ஏழு மணிக்கே ஆர்.வி.யை அங்கே நகர்த்திவிடுங்கள், மற்றவர்கள் கூடாரம் மடிக்கட்டும். நிறைந்த டேங்கோடு திருப்பிக் கொடுத்தால் வாடகைக்காரர் தனியாகக் காசு பிடிப்பார்.